பந்தியும் பாடமும்

(ஹைதராபாத் தார்நாகாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தார்நாகா என்ற பெயருக்கு இந்த ஊர்ப் பெரியவர்கள் ஒரு விளக்கம் சொல்வார்கள். தார் என்றால் கம்பி, நாகா என்றால் காவல்சாவடி. முன்பு இங்கே ஒரு மாந்தோப்பு இருந்ததாம். அதைச் சுற்றி முள்கம்பி வேலி, வாசலில் சாவடி, உள்ளே நுழைகிறவரை நிறுத்தி விசாரிக்க ஓர் ஆள். இன்று தோப்பும் இல்லை, வேலியும் இல்லை. சாலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. உள்ளே வருகிறவன் யார் என்ற கேள்வி மட்டும் ஊர்ப் பெயரில் தங்கிவிட்டது. நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஏறக்குறைய அந்தக் கேள்விதான்.

லுத்தரன் திருச்சபை நடத்தும் கல்லூரிகள் பற்றியும், அவற்றின் வளாக வாழ்க்கை பற்றியும் பேச வேண்டும் என்று அறக்கட்டளையினர் கேட்டுக்கொண்டார்கள். கல்லூரிகளைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் வகுப்பறையிலிருந்து தொடங்குவார்கள். தேர்ச்சி விகிதம், நூலகம், ஆய்வுக்கூடம் என்று வரிசையாக அளப்பார்கள். நான் சாப்பாட்டுக்கூடத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு வளாகம் தன் மாணவர்களை எப்படி உட்கார வைத்துச் சோறு போடுகிறது என்று பார்த்தால், அது எதைக் கற்பிக்கிறது என்பது தெரிந்துவிடும். ஐம்பது ஆண்டு ஆசிரியத் தொழிலில் எனக்கு உறுதிப்பட்ட ஒரே முடிவு இது. லுத்தரன் மரபில் இந்த முடிவுக்கு ஐந்நூறு ஆண்டுக் கதை இருக்கிறது.

மேசைமேல் நான் வைத்திருக்கும் இந்த அலுமினியத் தட்டு என் அப்பாவுடையது. பின்பக்கம் ஆணியால் குத்தி 37 என்று எண் போட்டிருக்கிறது. இதன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஜெர்மனியின் விட்டன்பர்க். அங்கே பல்கலைக்கழகம் 1502-ல் தொடங்கியது. 1517-ல் மார்ட்டின் லுத்தர் தன் தொண்ணூற்றைந்து வாதங்களை முன்வைத்த செய்தி எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிந்தைய ஒரு காட்சியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1525-ல் லுத்தர் கத்தரீனா ஃபான் போராவை மணந்தார். இருவரும் துறவு மடங்களை விட்டு வெளியே வந்தவர்கள். துறவிகள் காலிசெய்த பழைய மடமே அவர்களுக்கு வீடாயிற்று. மடத்துக்கு ஏற்றபடி அறைகள் ஏராளம், கையிலோ காசு இல்லை. கத்தரீனா அந்த வீட்டை மாணவர் விடுதியாக்கினார். மாடு வளர்த்தார், தோட்டம் போட்டார், பீர் காய்ச்சினார், பணம் வாங்கிக்கொண்டு மாணவர்களுக்குச் சாப்பாடு போட்டார். சாப்பாட்டு மேசையில் லுத்தர் பேசுவார். மாணவர்கள் ஒரு கையில் ரொட்டியும் மறுகையில் எழுதுகோலுமாகக் குறிப்பெடுத்தார்கள் என்றே சொல்லலாம். அந்தக் குறிப்புகள் 1566-ல் மேசைப் பேச்சு என்ற பெயரில் பெரிய புத்தகமாக வந்தன. கடவுள், பேய், குழந்தை வளர்ப்பு, வயிற்றுவலி, அரசியல் எல்லாம் அதில் உண்டு. பாடத்திட்டம் என்று எதுவும் கிடையாது. லுத்தரன் கல்லூரி வளாகம் என்று இன்று உலகம் முழுக்க எதைச் சொல்கிறோமோ, அதன் விதை அந்த மேசைதான் என்பது என் எண்ணம். அந்த மேசையை நடத்தியது ஒரு பெண் என்பதையும் மறக்கக்கூடாது.

லுத்தர் 1524-லேயே நகர்மன்றங்களுக்கு ஒரு நீண்ட வேண்டுகோள் எழுதியிருந்தார். பள்ளி வையுங்கள், ஆண்பிள்ளைகள் தினம் ஒன்றிரண்டு மணி நேரமும் பெண்பிள்ளைகள் ஒரு மணி நேரமும் அங்கே படிக்கட்டும், ஊருக்கொரு நல்ல நூலகம் அமையுங்கள் என்று அதில் கேட்டார். ஒவ்வொருவரும் தானே வேதத்தைப் படிக்க வேண்டும், தன் மொழியில் படிக்க வேண்டும் என்ற பிடிவாதம் அதன் பின்னால் இருந்தது. ஆலயம் கட்டும் இடத்திலெல்லாம் அதை ஒட்டிப் பள்ளிக்கூடமும் எழுவது லுத்தரன்களின் வழக்கமானது இதனால்தான்.

அடுத்த மேசை ஹாலே நகரில். 1690-களில் ஆகஸ்ட் ஹெர்மன் ஃப்ராங்கே அங்கே ஏழைப் பள்ளியும் அனாதை இல்லமும் தொடங்கினார். ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்த ஏழை மாணவர்களுக்கு அவர் இலவசச் சாப்பாடு போட்டார். சாப்பிட்டவர்கள் அதற்கு ஈடாக அவருடைய பள்ளிகளில் பாடம் நடத்தினார்கள். பல்கலைக்கழக மாணவனுக்கு வயிறு நிறைந்தது, ஏழைப் பிள்ளைக்கு வாத்தியார் கிடைத்தார். இதைவிடச் சுருக்கமான, இதைவிட நேர்மையான கல்வித் திட்டத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அந்த ஹாலே வழியாகத்தான் கதை நம் ஊருக்கு வருகிறது. பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சோவும் 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார்கள். டேனிஷ் அரசன் அனுப்ப, ஜெர்மன்காரர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். சீகன்பால்கு செய்த முதல் காரியம் மாணவராக உட்கார்ந்தது. எழுபது வயதுத் தமிழ் வாத்தியார் ஒருவரைத் தேடிப்பிடித்து, அவருடைய திண்ணைப் பள்ளியையே தன் வீட்டுக்கு வரவழைத்து, பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் விரல் வைத்து அ, ஆ எழுதினார். இருபத்து நான்கு வயது வெள்ளைக்காரர் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே சம்மணம் போட்டிருந்த காட்சியை நினைத்துப் பாருங்கள். 1707-ல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பிறகு அச்சுக்கூடம் வந்தது. பொறையாறு பக்கம் காகிதப் பட்டறையும் அமைந்தது. தமிழில் புதிய ஏற்பாடு 1714, 1715-ல் அச்சேறியது. 1714-ல் அவர் ஐரோப்பா திரும்பியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் போனார். 1716-ல் சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் ஹாலேயில் அச்சாயிற்று.

இந்த அவையில் தெலுங்கு நண்பர்களும் இருப்பதால் ஒரு செய்தி. தரங்கம்பாடிக்கு வந்து பிறகு சென்னையில் பணிசெய்த பெஞ்சமின் ஷூல்ட்சே தெலுங்கையும் கற்றார். ஊர் திரும்பியபின் 1746-ல் ஹாலேயில் தெலுங்குப் புத்தகங்களை அச்சிட்டார். தெலுங்கில் முதலில் அச்சேறிய நூல்கள் அவையே என்று சொல்கிறார்கள். தரங்கம்பாடித் தமிழ் அச்சுக்கும் இந்தத் தெலுங்கு அச்சுக்கும் எழுத்து வார்த்தது ஒரே ஊர், அதே ஏழை மாணவர் சாப்பாட்டுக்கூடம் இருந்த ஊர்.

இதுவரை சொன்னதெல்லாம் பெருமை. இனிச் சொல்வது வலி. அதை விட்டுவிட்டுப் பேசினால் இந்தச் சொற்பொழிவுக்கு அர்த்தமில்லை.

1733-ல் ஆரோன் என்பவர் தமிழரில் முதல் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். அதே காலத்தில் இராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். படைவீரராக இருந்தவர், தஞ்சைப் பகுதியில் உபதேசியாராகப் பல ஆண்டுகள் உழைத்தவர், துன்பப்பட்டவர். அடுத்து யாரைக் குருவாக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது அவர் பெயரும் வந்தது. அவர் பறையர் சமூகத்தவர். அவர் கையால் தந்தால் வேளாளக் கிறிஸ்தவர்கள் திருவிருந்தை வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். அவர் உபதேசியாராகவே இருந்து மறைந்தார்.

திருவிருந்து என்பது என்ன? ஒரு துண்டு அப்பம், ஒரு மிடறு திராட்சை ரசம். இயேசு தம் சீடர்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட கடைசிப் பந்தியின் நினைவு. விட்டன்பர்க்கில் மேசையிலிருந்து புறப்பட்ட மரபு, தரங்கம்பாடியில் மேசையருகே வந்து நின்றுவிட்டது. நான் படித்த மிஷன் வரலாறுகளில் என்னைத் தூங்கவிடாத இடம் இதுதான். ஆலயத்துக்குள்ளும் சாதிவாரியாகப் பிரிந்துதான் உட்கார்ந்தார்கள். தஞ்சையில் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் பன்னிரண்டு வயதில் போய்ச் சேர்ந்து, அவரிடம் படித்துப் பெரும்புலவரான வேதநாயக சாஸ்திரியார், 1829 வாக்கில் புதிய மிஷனரிகள் சாதி வேறுபாட்டை ஒழிக்க முனைந்தபோது அதை எதிர்த்து நின்றார். அவர் பாட்டுகளை உள்ளம் உருகப் பாடுகிறவன் நான். இந்த விஷயத்தில் அவர் தவறினார் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. பின்னால் வந்த லைப்சிக் மிஷனும் சாதி விஷயத்தில் விட்டுக்கொடுத்தே போனது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனுக்குக் கொண்டுபோன அறிஞர். பிறப்பால் எல்லா உயிரும் ஒன்று என்ற நூலை மொழிபெயர்த்தவர், சபைக்குள் சாதியோடு சமரசம் போதும் என்று வாதாடினார். படிப்பு ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும், எங்கே கைவிடும் என்பதற்கு இது சான்று.

கிறிஸ்தவர்களை மட்டும் குறை சொல்லவில்லை. சேரன்மாதேவி குருகுலத்தை இந்த அவையில் பலர் அறிவீர்கள். வ.வே.சு. ஐயர் தேசியக் கல்விக்காகத் தொடங்கிய விடுதிப் பள்ளி அது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்ற செய்தி வெளியே வந்தது. 1924, 1925-ல் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் போராடினார்கள். தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே அது மாற்றியது. அந்தக் குருகுலத்தில் என்ன பாடம் நடந்தது என்று இன்று யாருக்கும் நினைவில்லை. எப்படிச் சாப்பாடு போட்டார்கள் என்பதுதான் நூறு ஆண்டு கழித்தும் நிற்கிறது.

இப்போது இந்தத் தட்டு.

என் அப்பா 1930-களின் கடைசியில் கடற்கரைப் பக்கத்து ஊரொன்றில் மிஷன் போர்டிங்கில் படித்தார். போர்டிங் என்றுதான் எங்கள் வீடுகளில் சொல்வோம். நடத்தியவர்கள் யார் என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. அவர்களால்தான் அப்பா எழுத்தறிந்தார். சாப்பாட்டு மணி அடித்ததும் பாதிப் பிள்ளைகள் கூடத்துக்குள் உட்காருவார்களாம். அப்பாவின் தெருப் பிள்ளைகள் வெளித் தாழ்வாரத்தில். யாரும் அப்படி உத்தரவு போடவில்லை. முதல் நாளே பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. சமையல்காரர் வாளியோடு வருவார். உள்ளே பரிமாறும்போது கரண்டி தட்டில் தட்டும். டங் என்று சத்தம் கேட்கும். தாழ்வாரத்துக்கு வந்ததும் அரை முழம் உயரத்திலிருந்து குழம்பை ஊற்றுவார். கரண்டி தட்டில் படாது. குழம்பு தெறித்துச் சட்டையில் விழும். "எங்க சட்டையப் பாத்தே எந்தப் பந்தின்னு சொல்லிடலாம்" என்பார் அப்பா.

ஓர் ஐப்பசியில் மழை சாய்ந்து அடித்தது. தாழ்வாரம் முழுக்கத் தண்ணீர். தட்டைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் உள்ளே ஓடினார்கள், கிடைத்த இடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மழை மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் வெயில் வந்தபோது யாரும் எழுந்து வெளியே போகவில்லை. வார்டன் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே இருந்த பிள்ளைகளும் ஒன்றும் சொல்லவில்லை. சமையல்காரர் மட்டும் முகம் பார்த்து முகம் பார்த்துக் கரண்டியைத் தூக்கினார். அடுத்த ஆண்டு வேறொரு அம்மா சமையலுக்கு வந்தார். அவர் கையில் கரண்டி எல்லாத் தட்டிலும் பட்டது. அந்தச் சத்தத்தை அப்பா எண்பது வயதிலும் சொல்லிக்காட்டுவார். பட்டம் வாங்கிய நாளைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. தட்டின் ஓரத்தில் இந்தச் சின்னப் பள்ளங்களைப் பாருங்கள். அத்தனையும் கரண்டி பட்ட இடங்கள்.

மழை செய்ததை ஒரு கல்லூரி தானே செய்ய முடியுமா என்பதுதான் என் கேள்வி. இதற்குக் குண்டூர் வரை போக வேண்டும்.

குண்டூருக்கும் தரங்கம்பாடிக்கும் உறவு ஹாலே வழியாகத்தான். ஹென்றி மெல்கியோர் முகலன்பர்க் என்ற ஹாலே ஆளை முதலில் இந்தியாவுக்கு அனுப்ப நினைத்திருந்தார்கள். பணம் கூடிவராததால் அவர் 1742-ல் அமெரிக்கா போனார்; பென்சில்வேனியாவில் லுத்தரன் சபைகளை ஒன்றுசேர்த்தார். சரியாக நூறு ஆண்டு கழித்து அந்தப் பென்சில்வேனியா சபை ஒருவரைத் தெலுங்கு நாட்டுக்கு அனுப்பியது. அவர் ஜான் ஹையர். 1842 ஜூலை 31-ல் குண்டூர் வந்தார். மாவட்டக் கலெக்டர் ஹென்றி ஸ்டோக்ஸ் ஆதரவு கொடுத்தார். அப்போது ஹையருக்கு வயது 49. எழுபத்தாறு வயதில் மூன்றாம் முறையாகக் கப்பலேறி மறுபடியும் வந்தார். 1883-ல் வந்த ஆனா குக்லர் அம்மையார் மருத்துவப் பட்டம் பெற்றவர். ஆனால் மிஷன் அவரை முதலில் பெண்கள் மத்தியில் கற்பிக்கும் பணிக்கே அனுப்பியது. அவர் இரண்டையும் செய்தார். 1898-ல் குண்டூரில் பெண்களுக்கு மருத்துவமனை எழுந்தது.

1885-ல் அந்த மிஷன் தொடங்கிய கல்லூரிதான் இன்றைய ஆந்திர கிறிஸ்தவக் கல்லூரி. ஏ.சி. காலேஜ் என்றால்தான் குண்டூரில் ஆட்டோக்காரருக்குப் புரியும். சுற்றியுள்ள கிராமங்களில் மாலா, மாதிகா மக்கள் கூட்டம் கூட்டமாகச் சபையில் சேர்ந்திருந்தார்கள். கல்லூரி வகுப்பிலோ நிலமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளும் பிராமணப் பிள்ளைகளும். இரண்டு கூட்டமும் ஒரே வாசல் வழியாக உள்ளே போனது என்பதுதான் அந்தக் கல்லூரியின் பெரிய சாதனை என்பேன். என்.டி. ராமராவ் 1947-ல் பி.ஏ. முடித்தது அங்கேதான். நடிகர் கொங்கர ஜக்கய்யா அவருக்கு அங்கே உடன் படித்தவர். கணீரென்ற குரலுக்காக ஆந்திரமே அறிந்த ஜக்கய்யா, தாகூரின் கீதாஞ்சலியைத் தெலுங்குக்குக் கொண்டுவந்தார். 1967-ல் ஓங்கோலிலிருந்து நாடாளுமன்றம் போனார். ஒரு நடிகர் மொழிபெயர்ப்பாளராகவும் உறுப்பினராகவும் ஆவதற்கு எந்தப் பாடப்புத்தகம் உதவும்? மாலையில் ஒத்திகை, ராத்திரி விடுதித் திண்ணையில் வாக்குவாதம், யாரோ ஒருவர் உரக்கப் படிக்கக் கேட்ட கவிதை. இவற்றைத் தருவதுதான் கலைக்கல்லூரி.

அதே குண்டூர் வட்டாரத்தில், அதே சபையின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில், கவிஞர் குர்ரம் ஜாஷுவா பத்து ஆண்டு வேலை பார்த்தார். 1895-ல் வினுகொண்டாவில் பிறந்தவர். ஊமைப் படங்கள் ஓடிய காலத்தில் திரைப்பக்கம் நின்று கதை சொல்லிப் பிழைத்தவர். தீண்டாமையின் அடியை உடம்பெல்லாம் வாங்கியவர். 1941-ல் வந்த அவருடைய கப்பிலம் காவியத்தில் ஒரு வௌவால் தூது போகிறது. கோவிலுக்குள் தன்னை விடமாட்டார்கள், வௌவாலை யார் தடுப்பார், அதனால் அது போய்ச் சிவனிடம் தன் துயரைச் சொல்லட்டும் என்கிறான் ஒரு தலித் மனிதன். காளிதாசனின் மேகத்தைவிட அந்த வௌவால் எனக்கு நெருக்கம். 1964-ல் சாகித்திய அக்காதெமி விருது, 1970-ல் பத்மபூஷண் எல்லாம் அவரைத் தேடி வந்தன. தெலுங்கையும் சமஸ்கிருத காவிய மரபையும் கைவசப்படுத்திக்கொண்டு அந்த மரபின் கதவையே தட்டியவர் அவர். கணக்கெழுத மட்டும் கற்றுக்கொடுத்த பள்ளிகளிலிருந்து ஒரு ஜாஷுவா வரமாட்டார்.

தமிழ் ஆள் ஒருவர் இந்தக் கதையில் இரண்டு ஊரையும் இணைக்கிறார். ராஜா பூஷணம் மாணிக்கம். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு வந்து குண்டூர்க் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். 1956-ல் தரங்கம்பாடியின் முதல் இந்தியப் பேராயரானார். சீகன்பால்கு இறங்கியதற்கும் இதற்கும் இடையே சரியாக 250 ஆண்டு. அவர் பெயர் தாங்கித்தான் பொறையாறில் தரங்கை பேராயர் மாணிக்கம் லுத்தரன் கல்லூரி நடக்கிறது. டி.பி.எம்.எல். காலேஜ் என்று சொல்வோம். தரங்கம்பாடிக் கோட்டையிலிருந்து நடந்தே போகும் தூரம். மீனவக் குப்பத்துப் பிள்ளைகளும் காவிரிக் கடைமடை விவசாயக் கூலிகளின் பிள்ளைகளும் முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கும் இடம். பெரிய நகரத்துக் கல்லூரிப் பட்டியல்களில் அதன் பெயர் முன்வரிசையில் வராது. என் பட்டியலில் வரும்.

அமெரிக்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே லுத்தரன்கள் நிறுவிய கல்லூரிகள் பல. கெட்டிஸ்பர்க் 1832-ல் தொடங்கியது. நார்வேயிலிருந்து குடியேறிய விவசாயிகள் மின்னசோட்டாவில் நட்டது செயின்ட் ஓலாஃப், 1874-ல். மாணவர்கள் வளாகத்திலேயே தங்க வேண்டும், இசைக்கும் தத்துவத்துக்கும் கணிதத்துக்கும் ஒரே மரியாதை என்பது அவற்றின் வழக்கம். செயின்ட் ஓலாஃபில் 1912 முதல் நடக்கும் கிறிஸ்துமஸ் இசைவிழா பெயர் பெற்றது. பாட்டுக் கேட்க வருகிறவர்களுக்கு நார்வே நாட்டு மீன் விருந்தும் உண்டு. அங்கேயும் பாட்டுக்குப் பக்கத்தில் பந்தி. ஆனால் அவர்களுடைய செல்வத்தைப் பார்த்து நாம் ஏங்க வேண்டாம். குண்டூர் பார்த்த கேள்வியை அவர்களுடைய மேசை நம் அளவுக்குப் பார்க்கவில்லை.

தார்நாகாவில் நின்றுகொண்டு உஸ்மானியாவைச் சொல்லாமல் போக முடியாது. 1918-ல் நிஜாமின் ஆணையால் பிறந்த பல்கலைக்கழகம். மருத்துவமும் பொறியியலும்கூட உருதுவில் கற்பிக்க, அதற்கென்றே மொழிபெயர்ப்புத் துறை வைத்தார்கள். மக்கள் மொழியில் உயர்கல்வி என்ற அந்தத் துணிவை லுத்தர் கேட்டால் கைதட்டியிருப்பார். ஆனால் இந்தச் சமஸ்தானத்தில் தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் பேசியவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு அந்த மொழி தன் மொழி இல்லை. 1938-ல் விடுதி மாணவர்கள் வந்தே மாதரம் பாடியதற்காக வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு நாகபுரிப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. அப்படி நாகபுரி போனவர்களில் பி.வி. நரசிம்மராவும் ஒருவர். கலைக்கல்லூரிக் கட்டடம் 1939-ல்தான் திறக்கப்பட்டது. அந்தக் கம்பீரமான வளைவுக்கு முன்னால் நின்று எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பல்கலைக்கழகத்தின் சரித்திரம் அந்தக் கட்டடத்துக்கு முன்பே விடுதியில் எழுதப்பட்டுவிட்டது.

இப்போதைய நிலைக்கு வருகிறேன். கல்லூரிப் பேருந்து வந்தபின் வளாக வாழ்க்கை சுருங்கிவிட்டது. காலை ஒன்பதுக்கு வந்து மூன்று மணிக்குப் பேருந்தில் ஏறும் மாணவன், தன் தெருவில் இல்லாத ஒருவனோடு ஒருநாளும் சேர்ந்து சாப்பிடுவதில்லை. டிபன் பாக்ஸை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவருகிறார்கள். டிபன் பாக்ஸுக்கும் சாதி தெரியும். மாலை நான்கிலிருந்து இரவு பத்து வரை உள்ள அந்த ஆறு மணி நேரம்தான் ஒரு கிராமத்துப் பிள்ளையைப் பேச்சாளனாக்கும், நடிகனாக்கும், கேள்வி கேட்கிறவனாக்கும். அதைப் பிடுங்கிக்கொண்டு பட்டத்தை மட்டும் கொடுக்கிறோம். விடுதி நடத்துவது தலைவலி என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. உண்மை, தலைவலிதான். கத்தரீனாவுக்கும் தலைவலியாகத்தான் இருந்திருக்கும்.

தமிழ்த் துறை, தெலுங்குத் துறை, வரலாறு, தத்துவம் இவற்றில் சேர ஆள் இல்லை என்று மூடிவிட்டு வணிகவியல் வகுப்பைப் பெருக்குவதும் நடக்கிறது. மணலில் தமிழ் எழுதித் தொடங்கிய மரபு தன் தமிழ்த் துறையைக் கைவிட்டால், அதற்கு மேல் அந்தக் கல்லூரியின் பெயரில் லுத்தரன் என்ற சொல் எதற்கு? சபைத் தேர்தல் சண்டைகளும் சொத்து வழக்குகளும் கல்லூரி வாசலைத் தாண்டக்கூடாது என்பதையும் இந்த மேடையிலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் அந்தச் சபையின் பிள்ளை. சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

நிர்வாகங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முதலாமாண்டு மாணவர் அனைவரும் உள்ளூர்க்காரர் உட்பட ஒரு பருவமாவது விடுதியில் தங்கட்டும். அது முடியாவிட்டால், வாரத்தில் ஒருநாள் மதியம் கல்லூரி முழுக்க ஒரே சமையல், ஒரே கூடம், பெயர் அகரவரிசையில் உட்காரும் இடம். முதல்வரும் பேராசிரியர்களும் அலுவலக உதவியாளர்களும் அதே வரிசையில் உட்கார வேண்டும். பரிமாறும் முறை மாணவர்களுக்குச் சுழலட்டும். செலவு அதிகமில்லை. தைரியம்தான் கொஞ்சம் வேண்டும்.

இந்த அவையில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஹைதராபாத்தில் தமிழர் சங்கங்களும் தெலுங்கு நண்பர்களும் அறக்கட்டளைகள் நிறையவே வைத்திருக்கிறோம். பரிசு, பதக்கம், சொற்பொழிவு என்று அவை நடக்கின்றன, நடக்கட்டும். அவற்றோடு ஒரு பிள்ளையின் மெஸ் பில்லையும் சேருங்கள். கல்லூரிக் கட்டணத்துக்கு அரசு உதவித்தொகை எப்படியாவது வந்துவிடுகிறது. மெஸ் பில் மாதாமாதம் வரும். கட்ட முடியாத மாதத்தில் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறது. பல பிள்ளைகள் திரும்புவதில்லை. என் ஆசிரிய வாழ்க்கையில் நான் இழந்த நல்ல மாணவர்களில் பலர் தேர்வில் தோற்றவர்கள் இல்லை, மெஸ் பாக்கியில் போனவர்கள்.

இன்றைய சொற்பொழிவுக்கு எனக்குத் தந்த தொகையை, ஒரு லுத்தரன் கல்லூரியின் விடுதி மாணவி ஒருவருக்கு மெஸ் முன்பணமாகக் கட்ட எழுதிக்கொடுத்திருக்கிறேன். நீங்களும் உங்களால் முடிந்ததை எழுதிக்கொடுங்கள். கல்லூரிகள் ஜூன் மாதம் திறக்கின்றன. முன்பணத்தைச் சேர்க்கை நாளன்றே கட்டியாக வேண்டும்.